இன்னும் ஒரே ஒரு மடக்கு

பேச்சாளர் மூன்றாவது படத்துக்குப் போவதற்குள் வெண்டல் ஸ்கார் வலது காதிலிருந்து காது கேட்கும் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் வியாழக்கிழமைக் கூட்டங்களில் இதுதான் மதிப்புரை. ஒரு காது கழன்றால் பேச்சு சுமார் என்று அர்த்தம். இரண்டும் கழன்றால் பேச்சாளர் மூட்டை கட்டலாம். பின்னால் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிற எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரியும். கை காதுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு வந்தவர் தலைநகரத்துப் பேராசிரியர், பொருள் எங்கள் மாவட்டத்துச் செங்கல் சூளைகள். இரண்டாவது மெஷினும் பைக்குள் போனபோது சூளையில் இன்னும் நெருப்பே மூட்டியிருக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்ப் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கியவரும் வெண்டல்தான். "பிரமாதம் சார். ஒரு வார்த்த விடாம கேட்டேன்." அந்த மனிதர் பூரித்துப்போய், சங்கம் கொடுத்த காப்பிக் குவளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எங்களிடம் பேச வருகிற எல்லோருக்கும் சன்மானம் ஒரு குவளைதான், அதில் பழைய ரயில் நிலையத்தின் படம் போட்டிருக்கும். வெண்டல் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"செங்கல்லு வேகறதுக்குள்ள நான் வெந்துட்டேன், காப்பிக்காரம்மா. எலுமிச்ச கேக்கு மிச்சம் இருக்கா, இல்ல முன்வரிசக்காரங்க மொத்தத்தையும் வழிச்சு நக்கிட்டாங்களா?"

அவருக்கு எண்பதை நெருங்குகிற வயது. ஆல்டர்டன் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டியவர். ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊர்க்காரர் யாரை எடுத்தாலும் அந்த பஸ்ஸில் வாந்தி எடுத்தவராகவோ, அடம் பிடித்ததற்காக முன் இருக்கையில் உட்கார வைக்கப்பட்டவராகவோ இருப்பார். மேயரைப் பார்த்தால் இன்றைக்கும் "தலைய உள்ள இழுடா" என்றுதான் வெண்டல் வணக்கம் சொல்கிறார். எங்கே போய் உட்கார்ந்தாலும் ஒருமுறை நிமிர்ந்து, நெற்றிக்கு மேலே ஒரு மூலையைப் பார்ப்பார். பின்னால் நடப்பதைக் காட்டுகிற பெரிய கண்ணாடி பஸ்ஸில் அங்கேதான் இருந்தது. அந்தப் பார்வைக்கு மொத்த பஸ்ஸும் கப்சிப் ஆகுமாம். தேவாலயத்திலும் பார்ப்பார், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டும் பார்ப்பார்.

தானிய மில்லுக்குப் பக்கத்தில் ரயில் பாதை குறுக்கே போன இடம் வந்தால் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது சட்டம். தண்டவாளத்தைப் பிடுங்கிச் சைக்கிள் பாதை போட்டு எவ்வளவோ காலமாகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அசர மாட்டார். காது போனதற்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. "முன்னால என்ஜினு, பின்னால அம்பது பிசாசுங்க. நடுவுல காது எப்படிம்மா தங்கும்?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் வாயைத் திறந்தாலே ஊர் சிரிக்கத் தயாராகிவிடும். அதில் அவருக்கு நெடுங்காலம் பெருமைதான் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கு எங்கள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு வியாழக்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பேச்சு. ஜூலையில் ஐஸ்கிரீம் விருந்து. பழைய ரயில் நிலையத்தில் ஒரு அருங்காட்சியகம், அதன் கூரை நான் பார்த்த நாளிலிருந்து ஒழுகுகிறது. பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுந்து நின்று "எங்க தாத்தா என்ன சொல்வார்னா" என்று ஆரம்பிப்பார்கள். தலைவி மார்வா க்வாம் அப்போது கைமணியை ஆட்டுவாள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் மார்வா. அவள் மணி அடித்தால் தாத்தா பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

இது எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது செப்டம்பரில் நாங்கள் நடத்துகிற கல்லறை உலா. ஆற்றங்கரை மேட்டில் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்தில் அங்கங்கே ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டமாகக் கல்லுக்குக் கல் நகர்வார்கள். "நான்தான் டாக்டர் இன்னார், காலராவில் போனேன்" என்று செத்தவரே பேசுவது மாதிரி பேச வேண்டும். இறந்து அரை நூற்றாண்டு ஆகாதவருக்குப் பேச அனுமதி இல்லை. புதிதாகப் போனவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், வம்பு வரும் என்று மார்வா வைத்த விதி அது. பழையவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்க மாட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு.

வெண்டலுக்குக் கிடைத்த கல் நில்ஸ் ரோவாங்குடையது. ஆற்றின் மேல் அந்தக் காலத்தில் ஒரு திருகுப் பாலம் இருந்தது. கப்பல் ஊதினால் காவலர் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாலத்தைப் பக்கவாட்டில் திருப்பி வழிவிட வேண்டும். நில்ஸ்தான் அந்தக் காவலர். ஒரு கோடைக்காலத்தில், வெளியூர்ப் போட்டியில் ஜெயித்துவிட்டு எங்கள் ஊர் பாண்டுக் குழு உல்லாசக் கப்பலில் திரும்பி வந்தது. கப்பல் ஊதியது, ஊதியது, பாலம் திறக்கவில்லை. போய் மோதியது. ஒருவருக்கும் காயமில்லை, மேல்தளத்தில் குவித்து வைத்திருந்த வாத்தியங்கள் மட்டும் மொத்தமாக ஆற்றுக்குள் போயின. அடுத்த வருஷம் ஒரு பெரிய பித்தளைக் குழல் மீனவர் வலையில் சிக்கியது. நசுங்கிப்போன அந்தக் குழல்தான் எங்கள் அருங்காட்சியகத்தின் பெருமை. காவலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், காரணம் தெரியவில்லை என்று பழைய செய்தித்தாளில் போட்டிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

முதல் உலாவில் வெண்டல் இதை ஒப்பித்தார். எடுபடவில்லை. அடுத்த கல்லில் மார்வா, வங்கிக்காரர் மனைவியாக, இறகு வைத்த தொப்பியோடு காத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் ஓரம் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. வெண்டலுக்கு அன்றைக்கு ஜலதோஷம். தொண்டை கமறியதால் கோட்டுப் பையிலிருந்து இருமல் மருந்தை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நகர்ந்தவர்கள் திரும்பினார்கள். வெண்டலுக்குத்தான் கூட்டத்தின் நாடி தெரியுமே, இன்னொரு மடக்குக் குடித்தார், ஆற்றைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"கொஞ்சம் இருடா கப்பலு. இன்னும் ஒரே ஒரு மடக்கு."

வயிறு வலிக்கச் சிரித்தது கூட்டம். நானும்தான் சிரித்தேன். மார்வாவின் தொப்பியை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

மறு வருஷம் இருமல் மருந்து போய் நிஜ விஸ்கி பாட்டில் வந்தது, உள்ளே தேநீர். அதற்கு அடுத்த வருஷம் தள்ளாட்டம் சேர்ந்தது, விக்கல் சேர்ந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "கொஞ்சம் இருடா கப்பலு" என்று வெண்டல் எடுத்துக் கொடுத்தால் மீதியைக் கூட்டமே முடிக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் அதை நாடகமாகப் போட்டார்கள். ஆற்றங்கரை மதுக்கடையில் ஒரு பானத்துக்கு "நில்ஸ் மடக்கு" என்று பெயர் வைத்தார்கள். பிறகு பாலம் இருந்த இடத்தில் நகராட்சி ஒரு பலகை நட்டபோது, "மது மயக்கத்தில் இருந்த காவலர்" என்று எழுதியே விட்டது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், வரலாற்றுச் சங்கத்திலிருந்து என்றார்கள். பள்ளி இறுதி முடித்த பையன்கள் சின்னச் சின்ன விஸ்கி பாட்டில்களைக் கொண்டுவந்து நில்ஸின் கல்மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

போன வருஷ உலாவில் வெண்டல் தன் பங்கை முடித்து, கூட்டம் மார்வா பக்கம் நகர்ந்த பிறகும் ஒரு அம்மாள் மட்டும் நகரவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்ணூறு வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, நீலக் கோட்டு. நான் பக்கத்து மரத்தடியில் ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். பேசியது முழுக்க என் காதில் விழுந்தது.

"நல்லா நடிக்கிறீங்க" என்றார் அந்த அம்மாள்.

"ரொம்ப நன்றிங்க. எந்த ஊரு நீங்க?"

"வடக்க, ஏரிப் பக்கம். என் பேரு இடெல்லா. பேப்பர்ல உங்க படம் வந்திருந்திச்சு. பேரப் பாத்துட்டு வந்தேன். இந்தக் கல்லு எங்க தாத்தாவோடது."

வெண்டல் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருடைய பஸ்ஸில் மிட்டாயோடு பிடிபட்ட பிள்ளைகள் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"எங்க தாத்தா சாராயத்தத் தொட்டதே இல்லைங்க" என்றார் இடெல்லா அம்மாள். குரலில் கோபமே இல்லை, அதனால்தான் கேட்கவே முடியவில்லை. "கோயில்ல குடுக்கற திராட்ச ரசத்தக்கூட உதட்டுல நனச்சுட்டுக் குடுத்துருவார். அவருக்குக் காது கேக்காது. சின்ன வயசுலயே போயிருச்சு. சொன்னா வேலையில வச்சுக்க மாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. எங்க பாட்டிதான் பாலத்துல கூடவே உக்காந்திருப்பாங்களாம், கையில எதையாவது பின்னிக்கிட்டு. கப்பல் ஊதினா முதுகுல ஒரு தட்டு தட்டுவாங்க. அவர் எழுந்து சக்கரத்தச் சுத்துவார்."

"அன்னிக்கு?" என்று கேட்டார் வெண்டல்.

"அன்னிக்குப் பாட்டி வீட்ல இருந்தாங்க. எங்கப்பா அன்னிக்குத்தான் பொறந்தார். ஆத்துல மூடுபனி, வளைவு தெரியல. பனிக்குள்ளேயே கண்ண வச்சுக்கிட்டு நின்னாராம். ஊதினது எப்படித் தெரியும்?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லிட்டு எங்க போவார்? செவிட்டு ஆளுக்கு யாரு வேலை குடுப்பாங்க? வாய மூடிக்கிட்டு ஊர விட்டுக் கிளம்பிட்டார். பாட்டி இந்த ஊர்ப் பொண்ணு, இங்கதான் புதைக்கணும்னு கேட்டாங்க. அதனால இவரும் திரும்பி வந்தார், கடைசியில."

வெண்டலின் கை தன் காதுக்குப் போனது. கழற்றவில்லை, தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு பாட்டிலை என்னிடம் நீட்டினார், எங்கேயாவது போடு என்கிற மாதிரி. இடெல்லா அம்மாளை அழைத்து வந்த மருமகன் காரை எடுக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் இருக்கறப்பவே ஒரு தடவ அவரப் பத்திச் சரியாச் சொல்லிருங்க. இதே எடத்துல, இதே ஜனங்க முன்னால. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அடுத்த வருஷம் வாங்க. நானே சொல்றேன்" என்றார் வெண்டல். அவர் சத்தியம் எல்லாம் செய்யவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே கமிட்டியில் பேச்சை எடுத்தார். "பாட்டில் வச்சு நடிச்ச அத்தன வருஷமும் என் காதுல மெஷினு இருந்திச்சு மார்வா. ஒரு நாளாவது தோணுச்சா எனக்கு?" என்றார். மார்வா கெட்டவள் இல்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்து வைத்து அலுத்துப்போனவள்.

"வெண்டல், சொல்றதக் கேளு. ஜனங்க நில்ஸப் பாக்கத்தான் வர்றாங்க. உலாவே செத்தவங்க வாயில வார்த்தய வைக்கறதுதான். வங்கிக்காரர் பொண்டாட்டின்னு நான் பேசறதெல்லாம் அவ பேசினதா?"

"நீ அவளுக்குத் தொப்பி குடுத்திருக்க. நான் இவருக்குப் பாட்டிலு குடுத்திருக்கேன்."

கடைசியில் மார்வா ஒரு வழி சொன்னாள். பிப்ரவரி மாதப் பேச்சு காலியாக இருக்கிறது, பனிக் காலத்தில் வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள், வெண்டல் வேண்டுமானால் பேசட்டும். அவர் ஒப்புக்கொண்டார். "நில்ஸ் ரோவாங்: ஒரு திருத்தம்" என்று தலைப்பும் அவரே வைத்தார்.

பேராசிரியர்களுக்கு வராத கூட்டம் வெண்டலுக்கு வந்தது. கீழ்த்தளத்தில் நாற்காலி போதவில்லை, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டோம். வெண்டல் டை கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. "யாரு செத்துட்டாங்க வெண்டல்?" என்றது ஒரு குரல். "பாட்டில் எங்க?" என்றது இன்னொன்று. அவர் காத்திருந்தார். பாண்டுக் குழுவைச் சொன்னார், மூடுபனியைச் சொன்னார். அதுவரை கொஞ்சம் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு, "உண்மையில நடந்தது என்னன்னா, அவருக்குக் காது கேக்காது" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "என்னது? சரியாக் கேக்கல" என்று கத்தினான்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் சிரிப்பாகவே போய் விழுந்தது. பிரசவம் சிரிப்பு, பாட்டி முதுகில் தட்டியது சிரிப்பு. அவருடைய முகம் இறுக இறுக, "எப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு நடிக்கிறான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார்கள். பல வருஷமாக அவரே பழக்கிய கூட்டம் அது, வேறு எப்படிச் சிரிக்கும்? மார்வா மணியை ஆட்டினாள். அதற்கும் சிரித்தார்கள். முடிந்ததும் அவருக்கும் ஒரு குவளை கொடுத்தோம். "வெண்டல் மீண்டும் கலக்கினார்" என்று வாரப் பத்திரிகை எழுதியது.

நகராட்சிக்கும் போனார். பலகை இன்னும் புதுசு, சாயம் மங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்களும் அவருடைய பஸ்ஸில் வந்தவர்கள்தான், தோளில் தட்டி அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து, வெகு நேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

"திட்டினாக்கூட பரவாயில்லம்மா. யாராவது எழுந்து, ஏன்டா பொய் சொன்னேன்னு கேட்டா நல்லா இருக்கும். சிரிக்கறாங்க. நான் என்ன செய்ய?"

கேக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

குளிர் விட்டதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். நில்ஸின் கல்மேல் இருக்கிற குட்டி பாட்டில்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை நனைத்துக் கல்லைத் துடைப்பார். பாட்டில்களைக் குப்பை பிரிக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். அங்கே இருக்கிற ஆள் வாரா வாரம் வாளியைப் பார்க்கிறானே, "வெண்டல், வயசாச்சு, கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. பாவம், மனைவி போன பிறகு குடிக்கப் பழகிக்கொண்டாராம் என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். நான் பொங்கிப்போய் வெண்டலிடம் போனேன்.

"நீங்க மறுத்துச் சொல்ல வேண்டாமா?"

"எதுக்கு? எனக்கும் கொஞ்ச நாள் அப்படி ஒரு பேரு இருக்கட்டுமே" என்றார். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

போன வாரம் இந்த வருஷத்து உலா நடந்தது. இடெல்லா அம்மாள் வந்தார். நடைவண்டி போய் இப்போது சக்கர நாற்காலி. கோடையில் இடுப்பு எலும்பு முறிந்ததாம். அடுத்த செப்டம்பரைப் பற்றி அவரும் பேசவில்லை, மருமகனும் பேசவில்லை. ஆற்றுக் காற்று அடிக்கும் என்று வெண்டல் என்னை ஒரு போர்வை கொண்டுவரச் சொல்லியிருந்தார். நாற்காலியைக் கல்லுக்கு எதிரே, முதல் வரிசையில் நிறுத்தி, போர்வையை அந்த அம்மாளின் கால்மேல் விரித்துவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். "உன் இஷ்டப்படி செய், கூட்டம் கலைஞ்சா நான் பொறுப்பில்ல" என்று மார்வா சொல்லியிருந்தாள். ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் கல்லை விட்டுவிட்டு அவளும் வந்து ஓரமாக நின்றாள்.

கூட்டம் வந்தது. பாட்டில் இல்லை, தள்ளாட்டம் இல்லை. காவலர் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு வெண்டல் நேராக நின்றார். கல் பளிச்சென்று இருந்தது, காலையிலேயே வந்து துடைத்திருந்தார்.

"என் பேரு நில்ஸ் ரோவாங். எனக்குக் காது கேக்காது."

சிரித்தார்கள். பிப்ரவரியில் வந்திருந்தவர்கள் வராதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள் போல. "சத்தமாச் சொல்லு நில்ஸு" என்று ஒருவன் கத்தினான். வெண்டல் தொடர்ந்து பேசினார். "என் மனைவி முதுகுல தட்டுவா" என்றார். "எங்க தட்டுவா?" என்றான் இன்னொருவன். பிள்ளைகள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் இருடா கப்பலு. இன்னும் ஒரே ஒரு மடக்கு. அவருடைய பஸ்ஸில் வந்த, இப்போது தலை நரைத்த ஒருவன், மனசார உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு பாட்டிலை அவர் முன்னால் நீட்டினான். போர்வைக்கு மேலே இருந்த இடெல்லா அம்மாளின் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, வெண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டல் நிமிர்ந்து, நெற்றிக்கு மேலே அந்த மூலையைப் பார்த்தார். ஐம்பது பிள்ளைகளை அடக்கிய பார்வை. அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது அவருடைய கை வலது காதுக்குப் போனது. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு இடது காது. பையின் பொத்தானை மாட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நீட்டியிருந்த பாட்டிலைத் தாண்டி இரண்டடி முன்னால் வந்து, இடெல்லா அம்மாளின் முகத்தை மட்டும் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.